கையில் சட்டியோடு ஒரு ஜெபம்

சட்டி கைக்கு வந்த நேரமாகப் பார்த்தா ஐயர் ஜெபத்தை ஆரம்பிக்க வேண்டும்? இடப்பக்கம் நின்ற ஐயரம்மா நீட்டிய கலவைச் சட்டியை வாங்கி வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள் எப்சிபா. வலப்பக்கம் நிற்கும் கணவரிடம் அதைக் கொடுக்க இன்னும் திரும்பக்கூட இல்லை. அதற்குள் சாரத்தின் மேல் நின்ற ஜெயசிங் ஐயர் மேற்கே பார்த்தார், மலைக்குப் பின்னாலிருந்து கருகருவென்று ஒரு மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது, மழை விலக ஜெபம் பண்ணுவோம், நின்ற இடத்திலேயே எல்லாரும் கண்ணை மூடுங்கள் என்றார். அவ்வளவுதான். கீழே கலவை கிண்டும் தகரத்திலிருந்து மேலே கம்பி கட்டிய தளம் வரைக்கும் நீண்டிருந்த வரிசை நின்றது நின்றபடி கண்ணை மூடிக்கொண்டது. கை சும்மா இருந்தவர்கள் கும்பிட்டார்கள், சட்டி இருந்தவர்கள் சட்டியும் கையுமாகத் தலையைக் குனிந்தார்கள். மூடாதவர் ஒருத்தர்தான், கொத்தனார் பொன்னுரங்கம். அவர் இந்தக் கல்வராயன் மலை அடிவாரத்துக்காரர், வேற்று மதம். திருநெல்வேலிப் பக்கம் சபைக் குருவை ஐயர் என்பதும் அவர் சம்சாரத்தை ஐயரம்மா என்பதும் அவருக்கு இந்த ஒரு வாரத்தில் பிடிபடவே இல்லை, 'சாமி' என்றே கூப்பிடுகிறார். தளம் போட ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் சாமி, நடுவில் நிறுத்தினால் நிறுத்தின இடத்தில் ஒட்டாது, காலத்துக்கும் ஒழுகும் என்று காலையில் தலைபாடாய் அடித்துக்கொண்டார். கலவை மிஷின் மலைப் பாதையில் ஏறாது என்றுதான் கையால் கிண்டுவது. அவரும் நாலு சித்தாளும் இருந்தால் மத்தியானத்துக்குள் முடிந்துபோகும். ஆனால் மிஷன் விடுதிப் பிள்ளைகளுக்குச் சமையலறை கட்டிக் கொடுக்கிறோம் என்று பாளையங்கோட்டையிலிருந்து வேன் பிடித்து வந்த சபையார், கையுறையும் தொப்பியும் வலித் தைலமுமாக, சரீரப் பிரயாசத்தால் ஊழியம் செய்தே தீருவோம் என்று நின்றால் அவர்தான் என்ன செய்வார். இந்தத் தும்பைக்காட்டு மலை ஊருக்கு வந்த நாளாக அவர் செங்கலை எண்ணி அடுக்கச் சொன்னால் இவர்கள் பாட்டுப் பாடி அடுக்கினார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, ஜெயசிங் ஐயர் ஜெபம் பண்ணினால் அதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வானத்தையும் பூமியையும் உண்டாக்கினதற்கு நன்றி, அப்புறம் பிரயாணத்தில் காத்ததற்கு, அப்புறம் அதிகாரிகள், ஆளுகிறவர்கள், விதவைகள், பரீட்சை எழுதுகிறவர்கள், கடைசியில்தான் கேட்க வந்த விஷயம். இப்போது வானத்தில் இருக்கிறார். மழைக்கு வந்துசேர இன்னும் எவ்வளவோ இருக்கிறது. எப்சிபா சட்டியை வயிற்றில் இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். கலவையின் ஈரம் சேலையைத் தாண்டித் தோலில் குளிர்ந்தது. கீழே வைத்துவிட்டால்தான் என்ன? குனிந்தால் தரை. யார் பார்க்கப் போகிறார்கள், எல்லார் கண்ணும் மூடியிருக்கிறது. ஆனால் சட்டி தரையில் படும்போது ஒரு சத்தம் வரும், ஜல்லி உரசும், ஜெபத்தில் அசைந்தவள் யார் என்று ஐயரம்மா ஒரு கண்ணை லேசாகத் திறப்பாள். சின்னப் பிள்ளையில் கோயிலில் கண்ணைத் திறந்தால் அம்மை தொடையில் ஒரு கிள்ளு வைப்பாள், அந்த இடம் ஆராதனை முடியும்வரை எரியும். வயசு ஐம்பத்து நாலாகிறது, பள்ளிக்கூடத்தில் இவளைக் கண்டு நடுங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்னும் அந்தக் கிள்ளு போகவில்லை. வலது கை மரத்துக்கொண்டு வந்தது. அந்தக் கையால் கனம் தூக்கவே கூடாது. வலது மார்பை எடுத்தபோது அக்குளில் இருந்த நெறிகளையும் சேர்த்து வழித்தெடுத்தாயிற்று, இனி இந்தக் கையில் ஊசி போடாதீங்க, பி.பி. பார்க்க விடாதீங்க, குடத்தைத் தூக்காதீங்க என்று டாக்டரம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். காலையில் வரிசை நிற்கும்போது, முடியுமா எப்சி என்று கணவர் கேட்டார், முடியும் என்றாள். முடியும் என்ற பதிலுக்காகவே கேட்ட கேள்வி அது, அவளுக்குத் தெரியாதா. ஆக வலது கையை மிச்சம் பிடிக்கப் பாரத்தை இடது பக்கம் மாற்றினாள். மாற்றின உடனே அங்கே, இடது அக்குளில், அது இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டது.

வந்துவிட்டது என்ன, போனால்தானே வருவதற்கு. காலையில் விடுதிக்குப் பின்னால் தகரம் அடித்த குளியலறையில், மலைத் தண்ணீர் மேலே பட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது, அவசரம் அவசரமாகச் சோப்புப் போட்டாள், கை அது பாட்டுக்கு இடது அக்குளுக்குள் போனது, நின்றது. ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. விரலை எடுத்தாள், திரும்ப வைத்தாள், இருந்தது. நகர்த்திப் பார்த்தாள், நகரவில்லை. வெளியே யாரோ வாளியைத் தட்டி, டீச்சர் இன்னும் எவ்வளவு நேரம் என்றார்கள். இந்தா ஆயிட்டு என்று சொன்ன குரல் எப்போதும் போல்தான் இருந்தது, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். நெறி கட்டியிருக்கும். ஆமா, நெறிதான். ஐந்து நாளாக மண்வெட்டி பிடித்து இடது உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து புண்ணாகிக் கிடக்கிறது, கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டும், காலில் முள் தைத்தால் தொடை இடுக்கில் கட்டும், இது ஊருக்கே தெரிந்த சங்கதி. எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டிப் பார்த்திருக்கிறாள், ரெண்டு நாளில் புண் ஆறும், நெறியும் இறங்கும். அப்படியென்றால் நிம்மதிதானே. ஆனால் நெறி வலிக்கும். தொட்டால் பிள்ளைகள் ஊரைக் கூட்டும். இது வலிக்கவில்லை. அமுக்கிப் பார்த்தாள், நன்றாக அமுக்கிப் பார்த்தாள், வலிக்கட்டும் வலிக்கட்டும் என்று நகம் பதிய அமுக்கினாள், வலித்தது நகம் பட்ட தோல்தான். முதலில் மார்பில் வந்த கட்டியும் வலிக்கவில்லை. வலிக்காததால்தானே அதை ஆறு மாசம் கொழுப்புக் கட்டி என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. ஒருவேளை எல்லா நெறியும் வலிக்க வேண்டும் என்று இல்லையோ. சில பேருக்கு வலிக்காத நெறியும் இருக்குமோ. யாரிடம் கேட்பது. இட்லி சாப்பிடும்போது இந்தக் கேள்வி வந்தது, வேலை வரிசையில் நிற்கும்போது வந்தது, இப்போது ஐயர் பிரயாணப் பாதுகாப்புக்கு நன்றி சொல்லும்போது மறுபடியும் வந்து, புண், நெறி, வலி, வலியில்லை என்று அதே இடத்தில் போய் முட்டி நின்றது.

வலப்பக்கம் கணவர் மூச்சு கேட்டது. ஆசீருக்கு ஜெபம் என்றால் உதடு அசையும், ஐயர் சொல்லச் சொல்ல உள்ளுக்குள் கூடவே சொல்லுவார். எப்சிபா கண்ணை ஒரு இழை திறந்து பார்த்தாள். கும்பிட்ட கையில் சிமெண்டு காய்ந்து வெளுத்திருந்தது, மூக்கு நுனியில் வேர்வை. மின்வாரியத்தில் கணக்குப் பார்க்கிற மனுஷன், வீட்டில் ஒரு வாளித் தண்ணீரை மாடிக்குத் தூக்க முதுகு பிடித்துக்கொள்ளும் என்பார். இங்கே வந்த நாளாக முதலில் எழுந்து கடைசியில் உட்காருகிறார், புதுமாப்பிள்ளை மாதிரி முகம். பொருத்தனை அல்லவா. அவளை ஆப்பரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில், தண்ணீர் வைக்கிற மேஜைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாராம். பிழைத்து எழும்பினால் அவளும் நானுமாக வந்து உமக்காக எங்கள் சரீரத்தால் ஒரு வீடு கட்டித் தருவோம் என்று. தனக்குத்தான் என்றால் பரவாயில்லை, அவளையும் சேர்த்து நேர்ந்துகொண்டார், அவளிடம் கேட்க அவள் அப்போது மயக்கத்தில் அல்லவா கிடந்தாள். பிறகு ஐயரே சொல்லிப் பார்த்தார், அதற்கு உண்டானதைக் காணிக்கையாகப் போடுங்கள் அண்ணாச்சி, டீச்சரம்மா உடம்புக்கு எதற்கு இதெல்லாம் என்று. கேட்கவில்லையே. சரீரம் என்று சொன்னேன் ஐயா, பணம் என்று சொல்லவில்லை என்றார். அப்படி ஒரு கணக்குச் சுத்தம். இந்தத் தளம் போட்டு முடிந்தால் அவர் கணக்கு நேராகிவிடும். நேற்று ராத்திரி படுக்கும்போது, நாளைக்கு இந்நேரம் எனக்கு நெஞ்சில் ஒரு பாரமும் இருக்காது எப்சி என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார், பிள்ளை தூங்குகிற மாதிரி. அந்த மனுஷனிடம் போய் எப்படிச் சொல்வது. கொடுத்த சுகம் திரும்பிப் போயிற்று, நீங்கள் மட்டும் விலையைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றா. அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது, ஏன் என்று தெரியாத கோபம். இவரை யார் நேரச் சொன்னது. உடனே கோபம் போய்ப் பாவமாக இருந்தது. பிறகு ரெண்டும் இல்லாமல் கை வலி மட்டும் இருந்தது.

செல்வபாய் ஞாபகம் ஏன் இப்போது வர வேண்டும். கோயிலில் நாலாவது பெஞ்சில் உட்காரும் செல்வபாய். இதே நோய்தான், வயிற்றில். சுகமாயிற்று என்று பீடத்துக்கு முன்னால் நின்று சாட்சி சொன்னாள், சபையே கை தட்டியது, பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை. அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டே ஆசீர் சொன்னார், வாயால் சொன்னாளே தவிர உள்ளே விசுவாசம் பத்தவில்லை பாவம் என்று. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மீன் குழம்பில் உப்புப் பத்தவில்லை என்பது போலத்தான் சொன்னார். சபையில் எல்லாரும் சொன்னதுதான். அந்த வார்த்தை வீட்டு முற்றத்தில் அப்படியே கிடந்தது இத்தனை வருஷமாக. இன்றைக்குச் சாயங்காலம் இவள் சாட்சி. மலை ஊர்க்காரர்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள், பாயாசத்தோடு சாப்பாடு, அதற்கு முன்னால் டீச்சரம்மா நின்று தேவன் தனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததே பாதி அதற்குத்தான். காலையில் முதல் சட்டியை அவள் கையில் கொடுத்துத்தான் ஐயர் வேலையை ஆரம்பித்தார், ஜீவனுள்ள சாட்சி கையிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்று. அப்போது அவளுக்குத் தெரியும், குளித்துவிட்டு வந்து அரை மணிகூட ஆகவில்லை. சிரித்துக்கொண்டே சட்டியைப் பிடித்தாள், போட்டோ எடுத்தார்கள். மருந்து ஏற்றி மொட்டையாகி, திரும்ப வளர்ந்த முடி சுருள்சுருளாக வந்திருக்கிறது, முன்பு இருந்தது கோரைமுடி. சபைப் பெண்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள், ஐயரம்மாகூடத் தொட்டுப் பார்த்து, பாருங்க அற்புதத்த என்றாள். டாக்டரம்மா அதற்குக் காரணம் சொன்னாள், நிறையப் பேருக்கு அப்படித்தான் வரும் என்றாள். அதை எப்சிபா யாரிடமும் சொல்லவில்லை. எதற்குச் சொல்வது, அவர்கள் சந்தோஷம். ஆனால் சாயங்காலம் எழும்பி நின்று வாயைத் திறந்தால் எது வரும்? சுகமானேன் என்று சொன்னால் பொய், அதுவும் சாட்சியாகச் சொல்கிற பொய். சொல்லாமல் அழுதால் ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லிவிடுவார்கள். ஊருக்குப் போனதும் பார்த்துக்கொள்ளலாம், ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும், ஒன்றுமில்லாமல் இருக்கும், அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கா அவளை நிற்க வைக்கப்போகிறார்கள்.

ஐயர் பரீட்சை எழுதுகிறவர்களிடம் வந்திருந்தார். மேகம் வெயிலை மறைத்துவிட்டது, மூடின கண்ணுக்குள் இருந்த சிவப்பு மாறி இருட்டாயிற்று, ஒரு துளி அவள் கழுத்தில் விழுந்தது, இன்னொன்று கலவையில் விழுந்த சத்தம் கேட்டது. இத்தனை நேரம் சட்டியைக் கைமாற்றியிருந்தால் தளத்தில் மேற்குப் பக்கம் முழுக்க நிரம்பியிருக்கும், தார்ப்பாயைப் போட்டு மூடியிருக்கலாம். மழையை நிறுத்தும்படி கேட்பதற்காக மழை வரும்வரை நின்றுகொண்டிருக்கிறோமே என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சிரிப்போடு பயமும் சேர்ந்து வந்தது. சாவுப் பயம் என்று சொல்ல முடியாது. சாவு எங்கோ தூரத்தில் இருந்தது, வரட்டும் போகட்டும். பயம் அந்த நாற்காலி. மருந்து ஏற்றுகிற அறையில் பச்சை ரெக்சின் போட்ட சாய்வு நாற்காலி, வலது கை ஆகாது என்று இடது கையில் நரம்பைத் தேடித் தேடிக் குத்துவார்கள், மருந்து உள்ளே போகப் போக வாய்க்குள் எவர்சில்வர் கரண்டியைச் சப்பிய ருசி, பிறகு ஒரு வாரத்துக்குத் தண்ணீர்கூட அந்த ருசி. வாயெல்லாம் புண். அவர் கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டுவார், உறிஞ்சும்போது கண்ணில் தண்ணீர் வரும். அதற்கப்புறம் கரண்ட் என்று கதிர் வைத்தியம், தோல் கருகி உரிந்தது. அதையெல்லாம் தாங்கினது ஒருதடவை என்பதால்தான். ஒருதடவைதான், முடித்துவிட்டால் முடிந்தது என்று விரலை மடக்கி மடக்கிக் கழித்தாள். இன்னொரு தடவை என்றால் உடம்பு வரும், மனசு வராது. மாட்டேன் என்று சொல்லலாமா? சொன்னால் அவர் என்ன செய்வார். இன்னும் பெரிதாக ஒன்றை நேர்ந்துகொள்வார். ஒரு கோயிலையே கட்டுகிறேன் என்பார். அவருடைய முதுகையும் இவளுடைய கையையும் சேர்த்து வைத்து நேர்ந்துகொள்வார். சட்டியின் விளிம்பு தாலியை நெஞ்சோடு அழுத்தியது. ஐயரம்மா மெல்ல இருமினாள். இரும மட்டும் ஜெபத்தில் அனுமதி உண்டு, எப்சிபாவும் இருமிப் பார்த்தாள், ஒரு பிரயோஜனமும் இல்லை.

'சாமி.' கொத்தனார் குரல். மேலே தளத்திலிருந்து, பணிவாகத்தான். ஐயர் காதில் விழுந்ததோ இல்லையோ, சத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தினார். தகரத்தில் கிடக்கிற கலவையை யாரோ மண்வெட்டியால் ஒரு தடவை புரட்டிப் போட்டார்கள், சொத்தென்று விழாமல் கட்டியாக விழுந்தது. அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டிருக்கும். எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் கண்ணைத் திறக்கவில்லை. ஐயரும்தான் என்ன செய்வார், ஆரம்பித்துவிட்டார், ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது, பாதியில் இறங்க வழி தெரியவில்லை. அப்படித்தான் ஜெபத்தில் அவள் பக்கம் வந்தார். ஆண்டவரே, இதோ எங்கள் நடுவில் நிற்கிற உமது மகளை நினைக்கிறோம், மருத்துவர்கள் கைவிட்ட அவளை, என்றார். யாரும் கைவிடவில்லை, டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமைகூட வந்து பார்த்தாள். மரணப் படுக்கையிலிருந்து தூக்கியெடுத்தீரே, என்றார். வலப்பக்கம் ஆசீரின் மூச்சு தடுமாறியது, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னார். அந்த நோயை வேரோடு பிடுங்கினீரே, ஒரு தடம்கூட வைக்கவில்லையே, என்றார் ஐயர். எப்சிபாவின் இடது அக்குள், சட்டியின் கனத்தில் இறுகி, அங்கே அது இருப்பதைக் காட்டியது. கண்ணை முழுக்கத் திறந்துவிட்டாள். மேலே கொத்தனார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார், கண் திறந்த இன்னொரு ஆள் கிடைத்துவிட்டார் என்று கையால் கலவையைக் காட்டி, விரல்களை மடக்கி இறுக்கிக் காட்டினார். இறுகுகிறது. அவள் தலையாட்டினாள். ஐயர் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில், பள்ளிக்கூடத்தில் மணி அடிக்க மறந்த அன்றைக்குப் பிள்ளைகளைக் கலைக்கிற குரலில், 'ஆமென்' என்றாள் எப்சிபா.

வரிசை மொத்தமும் பழக்க தோஷத்தில் ஆமென் என்றது. ஐயர் ஒரு கணம் திகைத்து, அவரும் ஆமென் என்றார். கொத்தனார், தூக்குங்க தூக்குங்க, தண்ணி தெளிச்சுக் கிண்டுங்க என்று சத்தம் போட, எல்லாரும் ஒரேயடியாக அசைந்தார்கள். அவள் சட்டியை ஆசீர் கையில் கொடுத்தாள், அவர் சாரத்தின் முதல் தட்டில் நிற்கிற ஆளிடம் கொடுத்தார், திரும்பினார். மேகம் அப்படியே நின்றது, மழை நாலு துளியோடு சரி. ஐயரம்மா அடுத்த சட்டியை நீட்டிக்கொண்டே, பாத்தியளா டீச்சர், வேரோட பிடுங்கினீரேன்னு சொன்ன இடத்துல ஒங்களுக்கு நெஞ்சு தாங்காம ஆமென் வந்துட்டு, மழையும் நின்னுட்டு என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எப்சிபா சட்டியை வாங்கித் திரும்பினாள். ஆசீர் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் கல்யாணத்தன்றுகூட அவள் பார்த்ததில்லை. இதச் சாயங்காலம் கட்டாயம் சொல்லணும் எப்சி, மழை நின்னத, என்றார். இதற்குமேல் எப்படி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஐயர் பண்ணின ஜெபத்தையும் தாங்கிக்கொண்டாயிற்று, ஐயரம்மாவின் கண்ணீரையும் தாங்கிக்கொண்டாயிற்று, இந்தச் சந்தோஷத்தைத்தான் தாங்க முடியவில்லை. பக்கத்தில் கேட்காத குரலில் சொன்னாள்.

'இங்க பாருங்க. இன்னொண்ணு வந்துருக்கு. இடது அக்குள்ல.'

அவர் சட்டியை வாங்கினார், மேலே கொடுத்தார், திரும்பினார். முகம் இன்னும் சிரித்தபடிதான் இருந்தது, சேதி இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அடுத்த சட்டி வந்தது. அதைப் பிடித்தபடி நின்றார்.

'நெறியா இருக்கும். கையில புண் இருக்குல்லா.'

'வலிக்கல.'

மேலேயிருந்து சட்டி எங்கே சட்டி எங்கே என்றார்கள். ஆசீர் கொடுத்தார். எப்போ பார்த்தாய் என்று கேட்டார், காலையில் என்றாள். போய் உட்கார் என்றார், மாட்டேன் என்று தலையசைத்தாள், இடையில் ஆள் நின்றால் எல்லாம் நின்றுவிடும். ரெண்டு மூன்று சட்டி கைமாறிப் போயிற்று. அப்புறம் அவர், அவளைப் பார்க்காமல், கையில் இருந்த கலவையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

'இது முடியுற வரைக்கும் சொல்லாம இருந்துருக்கலாம்லா, எப்சி.'

சொன்ன வேகத்திலேயே அவர் முகம் கோணிப்போயிற்று, சொன்னது என்ன என்று அவருக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். அது வலிக்கும் என்றுதான் எப்சிபாவும் எதிர்பார்த்தாள், வலிக்கவில்லை. காலையிலிருந்து அவளும் தனக்கு அதையேதானே சொல்லிக்கொண்டிருந்தாள். விசுவாசம் பத்தவில்லை என்பாரோ என்று அவ்வளவு நேரம் பயந்தாளே, அதை அவர் சொல்லவில்லை. உதட்டைக் கவனித்தாள், எதையாவது நேர்ந்துகொள்கிறாரோ என்று. உதடு அசையவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நான் எழும்பமாட்டேன், ஐயரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். சரி என்று தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து வழிந்தது வேர்வையோடு சேர்ந்து தாடையில் இறங்கி, சட்டிக்குள்ளே சொட்டியது. ரெண்டு கையிலும் கலவை இருந்ததால் துடைக்கவும் வழியில்லை. சட்டிகள் வந்துகொண்டேயிருந்தன. இருவருக்கும் நடுவில் ஓர் எட்டு இடைவெளி இருந்தது, ஒவ்வொரு தடவையும் அவள்தான் கையை நீட்டி எம்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த சட்டியோடு அவள் திரும்பியபோது அவர் அந்த எட்டை வைத்து வந்து அவள் வயிற்றோரமாகவே சட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு சாரத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்தார். தளம் நிரம்பி முடிகிறவரைக்கும், கொத்தனார் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்தக் கத்த, அவளை ஒரு தடவைகூடக் கையை நீட்ட விடாமல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார்.